கடவுச்சொல் சரி, திரைதான் வரவில்லை: எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தைச் சீர்செய்யும் முறை

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், மலேசியாவின் சுங்கை சிப்பூட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பழைய மடிக்கணினியைக் கழித்துக்கட்ட மனமில்லாதவர்களுக்கு, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் (சின்னங்களும் பட்டியல்களும் தோன்றும் திரைச்சூழல்) கொண்ட லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல மாற்றாக இருக்கிறது. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய், மின்கலம் செத்துப்போன மடிக்கணினி சட்டென்று அணைந்த பிறகு, மேசைத்தளம் திறக்கவில்லை என்றால், "அழித்துவிட்டு மறுபடி போடலாம்" என்று பென்டிரைவைத் தேடுவோர் பலர். அவசரப்பட வேண்டாம். இவ்வகைப் பழுது பெரும்பாலும் இயங்குதளத்தில் இருப்பதில்லை. பயனரின் சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் கொண்ட ஹோம் கோப்புறையில்தான் இருக்கும்.

முதலில் அறிகுறியைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல் தவறாக இருந்தால், தவறு என்று நுழைவுத் திரையே சொல்லிவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும், திரை ஒரு கணம் கறுத்து, எந்தச் செய்தியும் இல்லாமல் அதே நுழைவுத் திரை திரும்பி வந்தால், கணினி உங்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் உங்கள் மேசைத்தளத்தைத் தொடங்க முடியவில்லை என்று பொருள்.

அந்நிலையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எழுத்துகள் மட்டுமே தெரியும் கறுப்புத் திரை வரும். அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழையலாம். கடவுச்சொல்லைத் தட்டும்போது புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று கலங்க வேண்டியதில்லை. பழைய திரைக்குத் திரும்ப எஃப் 3க்குப் பதிலாக எஃப் 7 போதும்.

இங்கு முதலில் பார்க்க வேண்டியது வட்டில் இடம் இருக்கிறதா என்பது. டிஎஃப் கட்டளையைச் சிறுகோடு, எச் ஆகியவற்றுடன் கொடுத்தால், வட்டின் ஒவ்வொரு பகிர்வும் (பிரிவும்) எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். வழக்கமான எக்ஸ்ட்4 வகைப் பகிர்வில் 5 விழுக்காடு இடம் ரூட் என்னும் தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதால், வட்டு நிரம்பிய பிறகும் கணினி ஒழுங்காகத் தொடங்கி நுழைவுத் திரை வரை வந்துவிடும். சாதாரணப் பயனரால்தான் ஒரு சிறு கோப்பைக்கூட எழுத முடியாமல் வாசலிலேயே நிற்க நேரிடும். எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சிக் காணொளிகளும் திருமணப் படங்களும் குவிந்த 128 ஜிபி வட்டில் இது நடப்பது எளிது. பதிவிறக்கக் கோப்புறையையும் குப்பைத்தொட்டியையும் காலிசெய்தாலே பெரும்பாலும் வழி பிறக்கும். குப்பைத்தொட்டிக்கு அனுப்பிய கோப்பும் வட்டில்தான் கிடக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இடம் இருந்தும் நுழைய முடியவில்லை என்றால், ஹோம் கோப்புறையில் எல்எஸ் கட்டளையைச் சிறுகோடு, எல், ஏ ஆகியவற்றுடன் கொடுத்து, எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பின் (பெயர் புள்ளியில் தொடங்கும், வழக்கமாகக் கண்ணில் படாத கோப்பின்) வரியைப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதிலாக ரூட் என்று இருந்தால் கோளாறு அதுதான். வரைகலைச் செயலி ஒன்றை, ரூட் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ கொண்டு திறப்பதால் இப்படி ஆவதுண்டு. அக்கோப்பைச் சூடோவின் துணையோடு நீக்கிவிடலாம். அடுத்த நுழைவில் அது தானாகவே புதிதாக உருவாகும்.

இரண்டும் சரியாக இருந்தால், சூடோவுடன் ஆட்யூசர் கட்டளையைக் கொடுத்து, சோதனைக்கென்று புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, அப்பெயரில் நுழைந்து பாருங்கள். என் கணிப்பில், இந்த ஒரு சோதனை இணையத்தில் நாள் முழுதும் தேடுவதைவிடப் பயனுள்ளது. புதியவருக்கு மேசைத்தளம் திறந்தால் இயங்குதளத்தில் குறையில்லை. பழையவரின் அமைப்புக் கோப்புகளே பழுதானவை. புதியவருக்கும் திறக்கவில்லை என்றால் மட்டுமே, இயங்குதளத்தின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட் செயலி கொண்டு முந்தைய நிலைக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் கோப்புறையைத் தொடுவதில்லை. ஆகவே பயனரின் அமைப்புக் கோப்புகளில் உள்ள பழுதுக்கு அதனால் பயனில்லை.

பழுதான அமைப்புகள் கான்ஃபிக் என்ற மறைகோப்புறைக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்னும் பெயரில் இருக்கும். அதை அழிக்காமல், எம்வி கட்டளையால் பெயரை மட்டும் மாற்றுங்கள். இதை மேசைத்தளத்தில் இருந்தபடி செய்தால், பின்னணியில் ஓடும் அமைப்புச் சேவை தன் நினைவில் உள்ளதை மறுபடியும் எழுதிவிடக்கூடும் என்பதால், வெளியேறிய பின் கறுப்புத் திரையிலிருந்து செய்வதே முறை. கேச் மறைகோப்புறையில் உள்ள செஷன்ஸ் கோப்புறையையும் அவ்வாறே ஒதுக்கிவிட்டால், சேமித்துவைத்த பழைய அமர்வு குறுக்கே வராது. மீண்டும் நுழையும்போது பலகமும் (பட்டியலும் கடிகாரமும் உள்ள திரையோரப் பட்டை) பின்னணிப் படமும் புதுக் கணினியில் இருப்பதுபோல் தோன்றும். ஆவணங்களுக்கோ ஃபயர்ஃபாக்ஸ் புத்தகக்குறிகளுக்கோ ஒன்றும் ஆகாது. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகச் சேர்த்த தமிழ்99 விசைப்பலகையின் அமைப்பு டிகான்ஃப் என்ற வேறோர் அமைப்புத் தொகுப்பில் இருப்பதால் அதுவும் தப்பிவிடும். எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளில் தேர்ந்தெடுத்த விசைப்பலகைத் தளவமைப்பையும் குறுக்குவிசைகளையும் மட்டும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். பலகம் மட்டுமே காணாமற்போயிருந்தால் இத்தனையும் வேண்டாம். ஆல்ட், எஃப் 2 அழுத்தி, பலகத்தின் செயலியைப் பெயர் சொல்லி ஓட்டிப் பாருங்கள்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பிசகி நிற்கும். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. மலேசிய நேரம் பொது நேரத்துக்கு 8 மணி முந்தியது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் ஆர்டிசி (ஆர்டிசி என்பது வன்பொருள் கடிகாரம்) அமைப்பை 1 ஆக்கினால் இரண்டும் ஒத்துப்போகும். நேரம் மட்டுமல்லாமல் ஆண்டும் பின்னோக்கிப் போயிருந்தால், மென்பொருளைக் குறைசொல்வதில் பொருளில்லை. தாய்ப்பலகையில் உள்ள சிறிய மின்கலம் தீர்ந்திருக்கிறது. பல கணினிகளில் அது சிஆர் 2032 வகையைச் சேர்ந்தது. அதை மாற்றும் வரை, பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தாததால் உலாவி பல தளங்களைத் திறக்க மறுக்கும்.