பெல்லட் ஸ்மோக்கர் வாங்கும் முன்: ஹூஸ்டன் கொல்லைப்புறத்திலிருந்து

மகளின் பிறந்தநாள். முப்பது பேர் வருகிறார்கள். பதினைந்து பவுண்ட் கோழித்தொடையைத் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் போட்டுப் பிசைந்து முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. மூன்று மணிக்கு ஸ்மோக்கரைப் போட்டேன்; பெல்லட் என்கிற மரக்குச்சிகளை எரித்து, புகையில் கறி வேகவைக்கிற அடுப்பு அது. மூன்றரைக்குத் திரையில் 180 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. சரி, ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நாலு மணிக்கு 140. அப்புறம் எண்ணே இல்லை, ஏதோ பிழைக் குறியீடு.

ஹாப்பர் என்கிற பெட்டி நிறையப் பெல்லட் இருந்தது. ஆனால் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. அந்த வாரம் முழுக்க மழை. மூடி சரியாக உட்காராத ஹாப்பருக்குள் ஈரம் புகுந்து, பெல்லட் ஊதி, உதிர்ந்து, மாவாகி, தள்ளுகிற திருகுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. நான் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டிருக்க, மனைவி பின்வாசலில் வந்து நின்று, "என்னங்க, நான் ஓவன்ல வச்சிடட்டுமா?" என்றாள். வைத்தாள். எல்லாரும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். நான்தான் சாப்பிடவில்லை.

அந்த ஸ்மோக்கரை நான் வாங்கியதற்கு இரண்டே காரணம்: தள்ளுபடி, அப்புறம் போனில் ஆப். இரண்டாவது ஸ்மோக்கர் வாங்குமுன் நாலு மாதம் கடை கடையாகப் போய் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன். அப்போது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இது என்ன சாமான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் துண்டு போன்ற குச்சிகள்தான் பெல்லட். பக்கவாட்டுப் பெட்டியான ஹாப்பரில் அதைக் கொட்டினால், ஆகர் என்கிற திருகுத்தண்டு மோட்டாரில் மெல்லச் சுற்றி, நடுவில் இருக்கும் சின்னக் கிண்ணத்துக்குத் தள்ளும். அந்தக் கிண்ணம்தான் ஃபயர் பாட். அங்கே ஒரு கம்பி பழுக்கக் காய்ந்து பற்றவைக்கும், ஒரு ஃபேன் காற்று ஊதும். நெருப்புக்கு மேலே தகடு, அதற்கு மேலே எண்ணெய் வடிகிற தட்டு, அதற்கு மேலே கம்பித்தட்டில் கறி. 1980களில் ஒரிகான் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சலில் ஜோ ட்ரேகர் என்பவர், வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பின் யோசனையைச் சமையலுக்குக் கொண்டுவந்தார். அவர் பெயர்தான் இன்றைக்கும் அந்த பிராண்டுக்கு. காப்புரிமை முடிந்த பிறகு ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்ததால்தான் இன்று கடையில் இத்தனை வரிசை நிற்கிறது.

வாங்கிய பிறகு வருத்தப்படாமல் இருக்க ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டெக்சஸில் லாக்ஹார்ட், டெய்லர் போன்ற ஊர்களுக்கு வண்டி ஓட்டிப்போய் பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறி சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே செங்கல் குழியிலும் இரும்புப் பீப்பாயிலும் போஸ்ட் ஓக் மரக்கட்டைகளை எரித்து, ஆள் பக்கத்திலேயே நின்று வேகவைக்கிறார்கள். அந்தப் புகை வாசனை பெல்லட்டில் வராது. பெல்லட் மிகச் சுத்தமாக எரிகிறது. சுத்தமாக எரிந்தால் புகை குறைவு, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது தூக்கம். ராத்திரி பத்து மணிக்குக் கறியை வைத்துவிட்டுப் படுக்கலாம். எனக்கு அந்த வியாபாரம் கட்டுப்படியாகிறது. கட்டுப்படியாகாதவர்கள் இந்தப் பணத்தில் பாதியைப் போட்டு ஒரு கரி அடுப்பு வாங்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

சரி, வாங்குகிறீர்கள். முதல் கேள்வி பிராண்டு இல்லை, நீங்கள் எதைச் சமைக்கப் போகிறீர்கள் என்பது. நம் வீடுகளில் பெரும்பாலும் கோழித்தொடை, ஆட்டுத்தொடை, மீன். பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. பிரிஸ்கெட்டை மனதில் வைத்து எழுதப்படும் ஆலோசனைகள் நமக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். பிரிஸ்கெட்டுக்கு 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக எரிந்தால் போதும். கோழிக்கு அது ஆகாது. 225-ல் வைத்த கோழித்தோல் சைக்கிள் டியூப் மாதிரி இழுபடும். 350-க்கு மேலே போய் அங்கேயே நிற்கிற அடுப்பு வேண்டும். ஆகவே, "எவ்வளவு குறைவாக எரியும்" என்று மட்டும் கேட்காதீர்கள், "400-க்குப் போக எத்தனை நிமிஷம்" என்றும் கேளுங்கள். நேரே நெருப்பில் வாட்டவும் வேண்டுமென்றால், பிட் பாஸ் மாடல்கள் பலவற்றில் இருப்பது போல, நடுத்தகடு நகர்ந்து தீயைத் திறந்துவிடும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

அளவு விஷயத்தில் எல்லாரும் ஏமாறுகிறோம். அட்டையில் போட்டிருக்கும் சதுர அங்குலக் கணக்கில் மேல்தட்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். கீழ்த்தட்டு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். எலும்போடு ஒரு கோழித்தொடைக்கு, நடுவில் இடைவெளி விட்டு, 20 சதுர அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். 500 சதுர அங்குலத் தட்டில் இருபத்தைந்து தொடை. பாட்லக், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து, நடத்துகிற வீட்டுக்கு அதற்குக் குறைந்து வேண்டாம். ஆட்டின் முழுத்தொடை ஒன்றரை அடி நீளம் வரும்; கடைக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துப்போய்த் தட்டின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள்.

அடுத்தது, தீயைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர். காசு போட வேண்டிய இடம் இதுதான். பழைய மாதிரி கண்ட்ரோலர் கடிகாரத்தைப் பார்த்துப் பெல்லட் தள்ளும்: இத்தனை விநாடி தள்ளு, இத்தனை விநாடி நிறுத்து. வெளியே காற்று அடித்தாலும் வெயில் கொளுத்தினாலும் அதே கணக்கு. 225 வைத்தால் 200-க்கும் 250-க்கும் நடுவே ஊஞ்சலாடும். பிஐடி என்று சொல்கிற வகை வேறு மாதிரி. விறகடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் பாட்டி உலை கொதிப்பதைப் பார்த்துக் கட்டையை ஒரு விரல் வெளியே இழுப்பாளே, அந்த வேலையை இது செய்யும். வெப்பம் இறங்க ஆரம்பிக்கும்போதே இரண்டு பெல்லட் கூடத் தள்ளும், ஏற ஆரம்பித்தால் குறைக்கும். வேடிக்கை என்னவென்றால், ஊஞ்சலாடுகிற பழைய வகையில் புகை கொஞ்சம் கூட வரும். நெருப்பு அவிந்து புகைந்து மறுபடி பிடிக்கிறதல்லவா? அதனால் பிஐடி வாங்குபவர்கள் பத்துப் பதினைந்து டாலருக்கு ஓட்டை போட்ட ஸ்மோக் டியூப் ஒன்றும் வாங்கி, பெல்லட் நிரப்பி, ஒரு முனையைக் கொளுத்திக் கறிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். குறை தீர்ந்தது.

இனி கடையில் செய்ய வேண்டிய சோதனை. விற்பவர் மூடியைத் திறந்து காட்டுவார், நீங்கள் தட்டைத் தூக்குங்கள். கம்பித்தட்டை எடுத்து, எண்ணெய்த்தட்டை எடுத்து, தகட்டை எடுத்து ஃபயர் பாட்டைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை துண்டு கழற்ற வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். ஏனென்றால் மூன்று நாலு சமையலுக்கு ஒருமுறை அந்தக் கிண்ணத்துச் சாம்பலை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும். சாம்பல் மேடு கட்டினால் காற்றுத் துளை அடைபட்டு நெருப்பு அவியும். கழற்றுவது சிரமமாக இருந்தால் எடுக்க மாட்டீர்கள், நான் எடுக்கவில்லை. கேம்ப் செஃப் மாடல்களில் வெளியே ஒரு பிடியை இழுத்தால் சாம்பல் அடியிலிருக்கும் கோப்பையில் விழுகிறது. இது தரும் நிம்மதியை வைஃபை தராது.

அங்கேயே நின்று மூடியின் ஒரு மூலையைப் பிடித்து அமுக்குங்கள். நெளிந்தால் தகடு மெல்லிசு. கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன் என்று நினைவில் வையுங்கள்: 16 கேஜ் ஒன்றரை மில்லிமீட்டர், 10 கேஜ் கிட்டத்தட்ட மூன்றரை. கான்சாஸில் செய்யப்படும் யோடர் போன்றவை இந்தத் தடிமன் ரகம்; விலையும் 2000 டாலரைத் தாண்டும், தள்ளுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஹூஸ்டனில் குளிர் பெரிய பிரச்சினை இல்லை, எனக்கு அத்தனை தடிமன் தேவைப்படவில்லை. சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்குக் கதை வேறு. ஜனவரியில் மெல்லிய தகடு பெல்லட்டைத் தின்று தீர்க்கும். கம்பளம் மாதிரி போர்த்துகிற உறை அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எங்களுக்குத் துருதான் எதிரி. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருக்கும் பாகத்தில் காந்தம் ஒட்டினால் அது பெரும்பாலும் 430 ரகம், ஈரத்தில் கறை பிடிக்கும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் 304 போன்ற உயர்ந்த ரகம். எல்லாமே 304 வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், ஃபயர் பாட்டும் எண்ணெய்த்தட்டும் நல்லதாக இருந்தால் போதும். அப்படியே ஹாப்பர் மூடியையும் திறந்து பாருங்கள். விளிம்பில் ரப்பர் இருக்கிறதா? மழைத்தண்ணீர் வழிந்தோட வளைவு இருக்கிறதா? அடியில் பெல்லட்டை வெளியே கொட்டுகிற கதவு இருக்கிறதா? என் முதல் ஸ்மோக்கரில் இந்த மூன்றும் இல்லை. மிச்சப் பெல்லட்டைக் கப்பால் மொண்டு எடுக்க வேண்டும் என்பதால் எடுக்காமலே விட்டேன். பிறந்தநாள் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஹாப்பர் 18, 20 பவுண்ட் கொள்வதாக இருக்கட்டும். குறைந்த தீயில் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு பவுண்ட் எரியும், கோழிக்கு ஏற்றினால் அதைவிடக் கூட. 10 பவுண்ட் ஹாப்பரோடு பிரிஸ்கெட் வைத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நிரப்ப வேண்டிவரும். தூங்கத்தானே இதை வாங்கினோம்?

கரண்ட் இல்லாமல் இது ஓடாது. பற்றவைக்கும் சில நிமிஷம் மட்டும் 300 வாட் அளவுக்கு இழுக்கும், அப்புறம் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் கொஞ்சம்தான். கொல்லைப்புற பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டியோ தாழ்ந்த கூரைக்குக் கீழேயோ வைக்காதீர்கள். அப்பார்ட்மெண்ட் பால்கனி என்றால் வாங்குமுன் லீஸைப் படியுங்கள், நிறைய இடங்களில் அனுமதியே கிடையாது. ஆப், வைஃபை எல்லாம் இருந்தால் நல்லது, அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம். ஆனால் கறிக்குள் குத்துகிற தெர்மாமீட்டர் கட்டாயம். கோழி உள்ளே 165 தொட வேண்டும். தொடைக்கறி 180-க்குப் பக்கம் போனால்தான் எலும்பை விட்டு வரும்.

பெல்லட் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பையின் முன்னால் ஹிக்கரி என்று மரத்தின் பெயர் பெரிதாக இருக்கும், பின்னால் பார்த்தால் ஓக்கோ ஆல்டரோ கலந்தது என்று பொடி எழுத்தில் இருக்கும். கலப்பு கெட்டதில்லை, தெரிந்து வாங்குங்கள். ஆட்டுக்கறிக்கு எனக்கு ஓக், கோழிக்கு செர்ரி அல்லது பீக்கன். மெஸ்கீட் நம் மசாலாவோடு சண்டை போடும். வீட்டைச் சூடாக்க விற்கும் மலிவுப் பெல்லட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதில் பைன் போன்ற பிசின் மரம் இருக்கும். நல்ல பெல்லட் மேலே பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் படக்கென்று முறியும். வளைந்து உதிர்ந்தால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் கறி வைக்காதீர்கள். முதலில் கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி வெறுமனே எரியவிடுங்கள், ஆலை எண்ணெய் போகட்டும். அடுத்து ஒரு பாக்கெட் வெள்ளை பிரெட் வாங்கி, தட்டு முழுக்க அடுக்கி, 350-ல் மூடி வையுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் எந்த மூலை கருகுகிறது, எது வெளுத்தே இருக்கிறது என்று வரைபடம் மாதிரி தெரியும். என் ஸ்மோக்கரில் இடது பின்மூலை அனல். ஆட்டுத்தொடையின் தடித்த பக்கம் எப்போதும் அங்கேதான். 250-ல் மூன்று மணி நேரம் புகையில் விட்டு, அப்புறம் வெங்காயம் பரப்பிய அலுமினிய ட்ரேயில் மாற்றி, ஃபாயில் மூடி, உள்ளே 200 வரும்வரை விடுகிறேன். ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் பத்துத் தக்காளி. அந்தத் தக்காளியில் ரசம் வைத்தால் மாமியாரே இரண்டாம் தடவை கேட்கிறார்.

முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அணைக்கும் பொத்தானை அமுக்கி, ஃபேன் கிண்ணத்தில் மிஞ்சியதை எரித்துத் தானாக நிற்கும்வரை விடுங்கள். நடுவில் நெருப்பு அவிந்துபோனால் உடனே மறுபடி போட வேண்டாம். கிண்ணத்தில் குவிந்த பெல்லட் மொத்தமாகப் பற்றினால் மூடி எகிறும். ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்து, அப்புறம் போடுங்கள். சாம்பலும் நன்றாக ஆறிய பிறகே வாக்யூம் போட வேண்டும். மிச்சப் பெல்லட்டை அன்றைக்கே ஹாப்பரிலிருந்து இறக்கி, பெயிண்ட் கடையில் கிடைக்கும் 5 காலன் வாளியில் கொட்டி, மூடியை அடித்து மூடுங்கள். ஒரு 20 பவுண்ட் பை அதில் அடங்கும். என்னிடம் இப்போது மூன்று வாளி, மூன்றும் கராஜில், மேலே மரத்தின் பெயர் எழுதி. மகள்தான் எழுதினாள், பீக்கனுக்கு எழுத்துப்பிழையோடு.