ஆங்கிலப் பிரபுப் பட்டங்களின் வாரிசு வரிசை: மார்ல்பரோ குடும்பத்தைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்த்துக்கீசிய இளவரசியின் சீதனமாகக் கிடைத்த பம்பாயைப் பெற்றுக்கொள்ள 1662ல் ஆங்கிலக் கப்பல்களை நடத்தி வந்தவர் மார்ல்பரோ ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்). மார்ல்பரோ என்பது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் குடும்பப் பட்டம் என்பதால், இதைப் படித்ததும் அவருடைய முன்னோர் ஒருவர் அப்போதே இந்தியாவுக்கு வந்துவிட்டார் என்று எழுதத் தோன்றும். எழுதிவிடாதீர்கள். அவர் பெயர் ஜேம்ஸ் லே. லே குடும்பத்துக்கு 1626ல் வழங்கப்பட்ட அந்தப் பட்டம், ஆண் வாரிசு இல்லாமல் 1679ல் அற்றுப்போனது. பத்து ஆண்டுகள் கழித்து அதே ஊரின் பெயரில் ஒரு புதிய பட்டம் ஜான் சர்ச்சிலுக்குக் கிடைத்தது. 1702ல் ஆன் அரசி அவரைப் பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்த டியூக் ஆக உயர்த்தினார். லே குடும்பத்திடமிருந்து சர்ச்சில்கள் எதையும் வாரிசாகப் பெறவில்லை. பட்டம் புதிதாக வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே ‘மூன்றாவது ஏர்ல்’ என்று கண்டால், எந்த ஆண்டு வழங்கிய பட்டத்தின் மூன்றாமவர் என்று பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

பெயர்க் குழப்பத்தைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. தந்தைக்குப் பின் தலைமகன், அவனும் இல்லையென்றால் குடும்பத்தார் கூடிப் பேசி யாரோ ஒருவர் என்று நாமாகவே ஒரு விதியை வைத்துக்கொள்வது. ஆங்கிலப் பட்டம் குடும்பத்தாரின் விருப்பப்படி நகர்வதில்லை. முதன்முதலில் பட்டம் வழங்கிய அரச சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் நகரும். பெரும்பாலான சாசனங்கள் ‘அவர் வழியில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்ற பொருளில் எழுதப்பட்டவை. கடைசியாகப் பட்டம் வைத்திருந்தவருக்கு மகன் இல்லையென்றால், முதலில் பட்டம் பெற்றவரின் கால்வழியில் மேலே ஏறி, தம்பி, தம்பி மகன், கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழிப் பேரன் என்று ஆண் கொடியில் தேடிக்கொண்டே போவார்கள். 1975ல் நார்ஃபோக் டியூக் இறந்தபோது அவருக்கு நான்கு மகள்கள் இருந்தார்கள். பட்டம் போனது தூரத்து உறவினரான மைல்ஸ் ஃபிட்ஸலன் ஹோவர்டுக்கு.

மகள்களுக்கு ஒருபோதும் கிடையாது என்று அடித்துச் சொல்வதும் தவறுதான். மார்ல்பரோ வரலாறு முழுவதும் இந்த விதிவிலக்கின் மேல்தான் நிற்கிறது. ஜான் சர்ச்சிலுக்கு எஞ்சியிருந்த ஒரே மகன் 1703ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மை நோயில் இறந்துபோனான். சாதாரண விதிப்படி பட்டம் முதல் டியூக்கோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ப்ளென்ஹைம் போரில் பிரெஞ்சுப் படையை முறியடித்துவிட்டு வந்தவர். அவர் பெயர் அழியக் கூடாது என்று நாடாளுமன்றம் 1706ல் தனிச் சட்டமே இயற்றியது. அதனால் 1722ல் அவர் இறந்ததும் மூத்த மகள் ஹென்றியட்டா, கணவர் வழியாக அல்லாமல் தன் சொந்த உரிமையிலேயே மார்ல்பரோ சீமாட்டி ஆனார். டியூக்குகளின் வரிசையில் இரண்டாவது எண் ஒரு பெண்ணுக்கு உரியது.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஹென்றியட்டாவின் மகன் 1731லேயே இறந்துவிட்டான். 1733ல் அவர் கண்மூடியபோது உயிரோடு இருந்தவர்கள் மகள்கள் மட்டுமே. பட்டம் அவர்களுக்குப் போகவில்லை. மறைந்த தங்கை ஆனின் மகன் சார்லஸ் ஸ்பென்ஸருக்குப் போனது. முதல் டியூக்கின் மகள்களுக்கு வழிவிட்ட சட்டம், அந்த மகள்களுக்கு அடுத்து அவர்கள் பெற்ற ஆண் வாரிசுகளையே முன்னால் நிறுத்தியிருந்தது. ஆக, மூன்றாவது டியூக், முதல் டியூக்குக்கு மகள் வயிற்றுப் பேரன். தந்தை வழியில் அவர் ஸ்பென்ஸர். அன்று முதல் இந்தக் குடும்பம் ஆண் வழியில் ஸ்பென்ஸர் குடும்பமே. 1817ல் ஐந்தாவது டியூக் அரச அனுமதி பெற்று ஸ்பென்ஸர் சர்ச்சில் என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் பழைய பெயர் திரும்பி வந்தது. குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு வாரிசு மரம் வரைபவர்கள் வழிதவறுவது இங்கேதான்.

பட்டமும் சொத்தும் ஒன்றாகவே கைமாறும் என்று நினைப்பது இன்னொரு தவறு. மார்ல்பரோ டியூக்குகளின் இருப்பிடமான ப்ளென்ஹைம் மாளிகை சட்டத்தால் பட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஆனால் முதல் டியூக்கின் மனைவி சாரா தன் பெயரில் சேர்த்த பெருஞ்சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் 1744ல் இறந்தபோது, அதன் பெரும்பகுதி டியூக்கான பேரனுக்குப் போகவில்லை. அவன் தம்பி ஜான் ஸ்பென்ஸருக்குப் போனது. ஸ்பென்ஸர் குடும்பத்தின் ஆல்தார்ப் மாளிகையும் அந்தத் தம்பியிடமே இருந்தது. இளவரசி டயானா பிறந்தது இந்தத் தம்பி கிளையில். சொத்துக்கு உயில் எழுதலாம், பட்டத்துக்கு எழுத முடியாது. பாகப்பிரிவினை என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை; அண்ணன் தம்பி எத்தனை பேர் இருந்தாலும் ஒருவருக்கே பட்டம். தத்துப்பிள்ளைக்கும் அது போகாது.

தமிழில் மிக அதிகமாகக் காணும் பிழை, மரியாதைக்காக வழங்கும் பெயர்களை உண்மையான பட்டமாக எடுத்துக்கொள்வது. மார்ல்பரோ டியூக்கின் தலைமகன் ப்ளாண்ட்ஃபோர்டு மார்க்வெஸ் என்று அழைக்கப்படுவார். அது தந்தையின் துணைப் பட்டம், மகனுக்கு வெறும் அழைப்புப் பெயர். இளைய மகன்கள் சொந்தப் பெயருக்கு முன்னால் லார்டு போட்டுக்கொள்வார்கள். ஏழாவது டியூக்கின் இளைய மகன் ராண்டால்ஃப் அப்படித்தான் லார்டு ராண்டால்ஃப் சர்ச்சில் ஆனார். அவரை ‘சர்ச்சில் பிரபு’ என்று எழுதக் கூடாது. பட்டம் பெற்ற பிரபுவாக இல்லாததால்தான் அவர் நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் உட்கார்ந்தார், 1885ல் இந்தியாவுக்கான அமைச்சரும் ஆனார். அவர் மகன் வின்ஸ்டனுக்கு அந்த லார்டும் வரவில்லை. 1953ல் அவர் பெற்ற ‘சர்’ அவருக்கு மட்டும் உரியது, மகனுக்குப் போகாது.

அதே வின்ஸ்டன் பட்டத்துக்கு எவ்வளவு அருகில் நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. மகன் பிறக்காதவரை அடுத்த நிலையில் நிற்பவர் இப்போதைக்குத்தான் வாரிசு. ஒரு குழந்தையின் பிறப்பு அவரை விலக்கிவிடும். ஒன்பதாவது டியூக்குக்கு அப்போது பிள்ளை இல்லை. 1895 ஜனவரியில் ராண்டால்ஃப் இறந்ததும் அந்த இடத்துக்கு வின்ஸ்டன் வந்தார். பெங்களூரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்த காலத்திலும் அவர்தான் அடுத்த டியூக் ஆகக்கூடியவர். 1897 செப்டம்பரில் டியூக்குக்கு மகன் பிறந்தான். பிறக்காமல் போயிருந்தால் பிற்காலத்தில் வின்ஸ்டன் பிரபுக்கள் அவைக்குத்தான் போயிருப்பார். பட்டத்தை உதறிவிட்டு மக்கள் அவையில் இருக்கும் வசதி 1963ல்தான் சட்டமானது. அப்போதும் உதறுபவரின் ஆயுள் வரைக்கும்தான். அந்த ஆண்டு ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டத்தைத் துறந்த தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் 2014ல் மறைந்ததும் அது அவர் மகனுக்கு வந்து சேர்ந்தது.

அற்றுப்போன பட்டம், உரியவர் தெரியாமல் உறங்கும் பட்டம் ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கலப்பதையும் விட்டுவிட வேண்டும். டெவன் ஏர்ல் பட்டம் 1553ல் எட்வர்டு கோர்ட்னிக்கு வழங்கப்பட்டது. மணமாகாமலே 1556ல் அவர் இறந்தார், பட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1831ல் பிரபுக்கள் அவை அந்தச் சாசனத்தை எடுத்துப் படித்தது. ‘ஆண் வாரிசுகளுக்கு’ என்று இருந்தது. ‘அவர் வழியில் பிறந்த’ என்ற சொற்கள் இல்லை. அந்த ஒரு குறையால், எட்வர்டின் சந்ததி அல்லாத தூரத்து உறவினரான வில்லியம் கோர்ட்னிக்கு 275 ஆண்டுகள் கழித்துப் பட்டம் கிடைத்தது.