நயாகரா புரோகிராம் பிளாக்: கம்பைலர் சொல்லாத தவறுகள்

பிஎம்எஸ் (கட்டட மேலாண்மை அமைப்பு) வேலைக்குப் புதிதாக வருபவர்கள், கட்டடக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான நயாகராவில் புரோகிராம் பிளாக்கை (நாமே கோடு எழுதும் பெட்டியை) திறந்து ஜாவா எழுதத் தொடங்கியதும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். செமிகோலன் விட்டால் கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரே சொல்லிவிடும், அதை விடுங்கள்.

விட்டுக்கொடுக்காத பிளாக்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கட்டடக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான பேக்நெட்டில், கமாண்ட் ஏற்கும் பாயிண்டுக்கு (ஃபேன் ஆன்/ஆஃப் போன்ற ஒரு மதிப்புக்கு) 16 முன்னுரிமைப் படிகள் உண்டு. எண் சிறியதே ஜெயிக்கும். நயாகராவிலும் இதே ஏற்பாடுதான். ஓர் அலுவலகக் கட்டடத்தில், கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஏஎச்யூ (தளத்துக்குக் காற்று அனுப்பும் இயந்திரம்) ஃபேனை ஓட்டும் பிளாக் ஒன்றை எழுதி 5-ஆம் படியில் இணைத்திருந்தார்கள். கூடினால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். சோதனையில் நன்றாகவே ஓடியது.

மறுநாள் காலை அறைக்காற்று சுத்தமாக இருந்தது. 5-இல் ஃபால்ஸ் நின்றதால் 16-இல் ஷெட்யூல் (நேர அட்டவணை) கொடுத்த ட்ரூ எடுபடவில்லை. ஆபரேட்டர் 8-இல் ஓவர்ரைடு கொடுத்தார், ஃபேன் அசையவில்லை. ஃபேன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பழுதென்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் பேனல் செலக்டரை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பினார், ஃபேன் ஓடியது. அதைத் திரும்ப ஆட்டோவில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி, ஞாயிறு என்று ஆளில்லாத தளத்துக்குக் காற்று போய்க்கொண்டே இருந்தது. கரண்ட் பில் வந்த பிறகுதான் விசாரித்தார்கள்.

ஃபால்ஸ் என்பது ‘நிறுத்து’ என்ற உத்தரவு. ‘எனக்கு இப்போது வேலையில்லை, கீழே இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று சொல்ல, அவுட்புட்டின் ஸ்டேட்டஸில் (மதிப்போடு சேர்ந்து வரும் நிலைக்குறிப்பில்) நல், அதாவது ‘மதிப்பில்லை’ என்று போட வேண்டும். அப்போதுதான் படி காலியாகி, அடுத்த படியில் இருப்பது செல்லும். 16 படிகளும் காலியென்றால், முன்பே வைத்திருக்கும் ஃபால்பேக் மதிப்பு செல்லும். யார் எழுதிய பிளாக்கைக் கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது எல்ஸ் (‘இல்லாவிட்டால்’) பகுதியை. உயிர், இயந்திரப் பாதுகாப்பு சம்பந்தப்படாத லாஜிக்கை 8-க்கு மேலே, அதாவது 7 முதல் 1 வரையிலான படிகளில், ஏற்றவும் கூடாது. ஆபரேட்டரின் கையைக் கட்டிப்போட நமக்கு உரிமையில்லை.

பழுதான சென்சார்

ஃபால்ட் ஆன பாயிண்டில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கலாம். மதிப்பை எடுக்குமுன் ஸ்டேட்டஸைப் பாருங்கள். ஜாவாவில் நேன் (‘எண்ணே இல்லை’ என்ற மதிப்பு) வந்தால் ‘28-ஐவிட அதிகமா’ என்றாலும் ஃபால்ஸ், ‘குறைவா’ என்றாலும் ஃபால்ஸ். கூலிங் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஸ்லீப்

இத்தனை நொடி காத்திரு என்று சொல்லும் ஸ்லீப்பை பிளாக்குக்குள் போடவே போடாதீர்கள். மற்ற பிளாக்குகளையும் ஓட்டும் எஞ்சின் திரெட்டே காத்து நிற்கும். தாமதம் வேண்டுமென்றால் டைமர் இருக்கிறது.

முழு எண் வகுத்தல்

ஜாவாவில் முழு எண்களாக 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3தான் வரும், 3.5 அல்ல. தசமம் தாங்கும் டபுள் வகையைப் பயன்படுத்துங்கள்.