கிளாட் மாதிரித் தேர்வில் மதிப்பெண் நகராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலோ பெங்களூரிலோ சட்டம் படிக்க விரும்பி கிளாட் (CLAT) என்னும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் நீலகிரி மாணவர்களில் பலர், முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறிவிட்டு, பிறகு 120க்கு அறுபத்தைந்து மதிப்பெண்ணை ஒட்டியே நின்றுவிடுகிறார்கள். உடனே தடித்த சட்டப் புத்தகங்களை வாங்குவதும், வாரந்தோறும் கோவைக்கு இறங்கிப் புதிய மாதிரித் தேர்வுகளை எழுதுவதும் இந்தத் தேக்கத்தை உடைப்பதில்லை. கிளாட் முன்கூட்டிய சட்ட அறிவை எதிர்பார்க்கும் தேர்வு அன்று. கொடுத்த பத்தியைப் படித்து அதற்குள்ளேயே விடை காணும் தேர்வு. எனவே, ஏற்கெனவே எழுதிய தாள்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: புதிய மாதிரித் தேர்வுகளைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, கடைசியாக எழுதிய மூன்று தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான ஒவ்வொரு கேள்வியையும் விடைக்குறிப்பைப் பார்க்காமல், நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் மீண்டும் செய்யுங்கள். இப்போது சரியாக வந்தால் அது அவசரத்தால் நேர்ந்த தவறு. மீண்டும் அதே தவறான விடை வந்தால் புரிதலில் பிழை. விடையே தோன்றாவிட்டால் அது தகவல் குறைவு. இந்த மூன்றில் எது என்பதை நோட்டில் கேள்வி எண்ணுக்கு எதிரே எழுதுங்கள்.

படி 2: கணக்குப் போடுங்கள். 120 நிமிடத்தில் 120 கேள்விகள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. 110 கேள்விகளுக்கு விடையளித்து 75 சரியாகவும் 35 தவறாகவும் இருந்தால் கிடைப்பது 66.25. அந்த முப்பத்தைந்தில் அவசரத்தால் தவறிய எட்டை மட்டும் சரிசெய்தால், புதிதாக ஒரு வரிகூடப் படிக்காமலேயே மதிப்பெண் 76.25 ஆகிவிடும். மாறாக, நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதால் சராசரியாகக் கேள்விக்கு 0.0625 மட்டுமே கிடைக்கும் என்பதால், முன்னேற்றத்தை அங்கே தேட வேண்டாம்.

படி 3: சட்டப் பகுத்தறிவுப் (Legal Reasoning) பகுதியில் புரிதல் பிழைகளைத் தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் நமக்குத் தெரிந்த செய்தியே நம்மை ஏமாற்றுகிறது. பயிற்சிக்காக ஒரு பத்தியில், “மாவட்டத்திற்குள் நுழையும் ஒவ்வொரு வாகனத்திற்கும் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயம்” என்ற விதி மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் வசிப்பவர் தம் காரில் மாவட்டத்திற்கு வெளியே உள்ள மேட்டுப்பாளையம் போய்த் திரும்புகிறார். அவருக்குப் பாஸ் தேவையா? உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு உண்டு என்பதை நேரில் அறிந்த நம் மாணவர் “தேவையில்லை” என்பார். பத்தியில் விலக்கு சொல்லப்படாததால் “தேவை” என்பதே சரியான விடை. விடையைக் குறிக்குமுன் அதற்கு ஆதாரமான வரியைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். வரி கிடைக்காவிட்டால் அந்த விடையை நம்பாதீர்கள். இந்தப் பழக்கம் வேரூன்றும்வரை வேகம் குறையும். அதற்காகப் பதற வேண்டாம்.

படி 4: நடப்புச் செய்திகளில் தலைப்புகளை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, வாரம் ஒரு விவகாரத்தை அதன் வேர்வரை படியுங்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவர உத்தரவிட்டதை எடுத்துக்கொண்டால், அரசியலமைப்பின் 19(1)(d) தரும் நடமாட்ட உரிமை, 19(5) அனுமதிக்கும் நியாயமான கட்டுப்பாடு ஆகியவை வரை அது உங்களைக் கொண்டு செல்லும். கூடலூர்க் காடுகள் தொடர்பாக எழுந்து, நாடு முழுவதற்குமான வனச் சட்டத்தையே மாற்றியமைத்த உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் வழக்கும் அவ்வாறே படிக்கத் தக்கது.

கணிதப் பகுதி ஏறத்தாழப் பத்து விழுக்காடுதான். சதவீதம், விகிதம், அட்டவணை வாசிப்பு ஆகியவற்றில் தினம் அரை மணி நேரம் போதும்.

படி 5: இவற்றுக்குப் பிறகு மாதிரித் தேர்வுக்குத் திரும்புங்கள். கிளாட், விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் (OMR) தாளில் பேனாவால் எழுதும் தேர்வு என்பதாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் மலையில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோவதாலும், வினாத்தாளை முன்கூட்டியே அச்சிட்டு, பிற்பகல் 2 முதல் 4 வரை எழுதுங்கள். வாரம் ஒரு தேர்வு போதும்; மறுநாள் முழுவதும் படி 1இன் நோட்டுக்கே உரியது. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்குமுன், அவசரத் தவறுகள் முந்தைய வாரத்தைவிடக் குறைந்துள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் மட்டும் வேகத்தைக் கூட்டும் பயிற்சியைத் தொடங்குங்கள்.