மண்ணிலிருந்து எடுத்த பழைய நாணயத்தை அடையாளம் காண்பது எப்படி?

மெட்டல் டிடெக்டர் ஒலித்த இடத்தைத் தோண்டி, மண் அப்பிய வட்டத் தகடு ஒன்றை உள்ளங்கையில் ஏந்தியதும், "இதில் இருக்கும் முகம் யாருடையது?" என்ற கேள்விதான் எவருக்கும் முதலில் எழும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். தேய்ந்துபோன முகம், நாம் விரும்பும் எந்த அரசனுக்கும் பொருந்திவிடும்; எடையும் உலோகமும் விளிம்பும் அவ்வாறு வளைந்து கொடுப்பதில்லை. நிலவுடைமையாளரின் ஒப்புதலோடும் அந்நாட்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டும் எடுத்த நாணயம் என்று கொண்டே மேலே செல்கிறேன்.

முதற்படி: தேய்க்காமல் இருப்பது

வெண்கலத்திலும் செம்பிலும் படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பு அழுக்கன்று. பல வேளைகளில் எழுத்துகளின் வடிவம் உலோகத்தில் அழிந்து, அந்தக் களிம்பில் மட்டுமே எஞ்சியிருக்கும். ஆகவே பிரஷ், அமிலம், பாலிஷ் எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் நாணயத்தை ஊறவைத்து, ஒட்டியுள்ள மண்ணில் தானாக நெகிழ்ந்து வருவதை மட்டும் அகற்றி, நன்றாக உலர விடுங்கள். வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் உதிரும் பொடி தென்பட்டால், அது குளோரைடு உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும் 'வெண்கல நோய்'. அந்த நாணயத்தைத் தனியே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: அளப்பது

0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசும் ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும். எடை, விட்டம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டம் சீராக இல்லாவிட்டால் மிக நீண்ட விட்டத்தையும் மிகக் குறுகிய விட்டத்தையும் எழுதுங்கள்.

உலோகத்தை அறிய அடர்த்தி உதவும். தராசின் மீது நீர் நிரம்பிய சிறு குவளையை வைத்து, அளவைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்று) கிடைக்கும். 3.20 கிராம் நாணயம் 0.31 காட்டினால் விடை ஏறத்தாழ 10.3. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96, ஈயம் 11.34, பொன் 19.3 என்பதால், சிறிது செம்பு கலந்த வெள்ளி என்று கருதலாம். ஆனால் நாணயம் சிறியதாக ஆக, தராசின் 0.01 கிராம் பிழை விடையில் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கிராமுக்குக் குறைந்த நாணயத்தில் இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை.

மூன்றாம் படி: செய்த முறையைக் கண்டறிவது

விளிம்பு முழுவதும் ஒரே இடைவெளியில் வரிகள் ஓடினால் அது இயந்திரத்தில் அடித்த நாணயம். வட்டம் கோணலாகவும், உருவம் நடுவை விட்டு விலகியும் இருந்தால் பெரும்பாலும் சுத்தியலால் அடித்தது. விளிம்பில் ஒட்டுவரி தெரிந்தால் வார்ப்பு; நடுவில் சதுரத் துளையுள்ள சீனக் காசுகள் வார்ப்பு நாணயங்களே. அடுத்து, நாணயத்தை மேலும் கீழும் இரு விரல்களால் பிடித்து, அந்த அச்சிலேயே பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா, வேறு கோணத்தில் சாய்ந்திருக்கிறதா என்பதும் பட்டியல்களில் பதிவாகும் அடையாளம்தான்.

நான்காம் படி: எழுத்தைப் படிப்பது

இருட்டறையில், மேசை மட்டத்திலிருந்து சாய்வாக ஒரே ஒரு விளக்கொளி விழும்படி வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள். நேரொளியில் வெறுமையாகத் தெரிந்த பரப்பில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி வரும். நான்கு திசைகளிலிருந்தும் ஒளி விழுமாறு நான்கு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியாகத் தெரியும் எழுத்தை மட்டும் எழுதி, மற்றவற்றுக்குப் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பிய ஓர் எழுத்து தேடல் முழுவதையும் திசைதிருப்பிவிடும்.

ஆண்டு எண்ணில் இரண்டு கண்ணிகள் உண்டு. அரபு எழுத்துள்ள நாணயங்களில் பூச்சியம் வெறும் புள்ளியாகவும் ஐந்து வட்டமாகவும் இருக்கும் என்பதால், ஐந்தைப் பூச்சியமாகப் படிப்பது புதியவர்களின் வழக்கமான பிழை. அங்குள்ளது ஹிஜ்ரி ஆண்டானால், அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் பொது ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 1223 என்பது 1808 ஆகும். ஆனால் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் நாணயங்களில் 1223 என்பது அவர் அரியணை ஏறிய ஆண்டு மட்டுமே. அடித்த ஆண்டை அறிய, வேறோர் இடத்தில் சிறிதாக உள்ள ஆட்சியாண்டையும் படிக்க வேண்டும். மற்றொரு கண்ணி, ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் பெயர்கொண்ட தாலர்: 1780 என்று பொறித்த அந்த வெள்ளி நாணயம், அரசி அந்த ஆண்டில் இறந்த பின்னரும் அதே ஆண்டெண்ணோடு இருபதாம் நூற்றாண்டிலும் அச்சானது.

ஐந்தாம் படி: தேடுவது

இப்போதுதான் இணையத்துக்குச் செல்ல வேண்டும். நாணயப் பட்டியல் தளமான நியூமிஸ்டாவில் உலோகம், எடை, விட்டம், எழுத்துத் துணுக்கு ஆகியவற்றைச் சேர்த்துத் தேடலாம். ரோமப் பேரரசு நாணயங்களுக்கு அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் 'ஓக்ரி' தரவுத்தளம் உண்டு. கைபேசியின் படத்தேடல் ஒரு தொடக்கக் குறிப்பைத் தரலாம். ஆனால் அது தரும் பெயரின் எடையும் விட்டமும் உங்கள் குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

நான் இந்த வரிசையைக் கற்றது ஒரு மெல்லிய தகட்டால். அதில் மூன்று மணிமுடிகளும் மூன்று லில்லி மலர்களும் மாறிமாறி வட்டமாக இருந்தன. லில்லி பிரெஞ்சு அரசர்களின் சின்னம் என்பதால், அதைக் கண்டதும் அவர்களிடம் போய், ஒரு வாரம் அங்கேயே அலைந்தேன். பிறகுதான் தராசை எடுத்தேன்: 1.3 கிராம், 22 மி.மீ. நீரில் தொங்கவிட்டபோது 0.15, அதாவது அடர்த்தி 8.7. தராசின் பிழையைச் சேர்த்தாலும் 8.1-க்கும் 9.3-க்கும் இடையில்தான் வரும் என்பதால் வெள்ளி இல்லை என்பது உறுதியாயிற்று. மண்வெட்டி பட்ட ஒரு கீறலில் மஞ்சள் மின்னியது, எனவே பித்தளை. மதிப்பைக் காட்டும் எண் எங்கும் இல்லை. பின்பக்கத்தில் சிலுவை தாங்கிய கோளம் இருந்தது. சாய்ந்த ஒளியில் விளிம்போரமாக, "விங்க்" என்று ஒலிக்கும் துண்டு மட்டும் தெளிவாகப் படிக்க வந்தது.

அந்தத் துண்டையும் கோளத்தையும் பித்தளையையும் சேர்த்துத் தேடியபோது சில நிமிடங்களில் விடை வந்தது. அது நாணயமே அன்று. கட்டம் வரைந்த பலகையில் கூட்டல் கழித்தல் செய்வதற்காக ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் பெருமளவில் செய்து ஐரோப்பாவெங்கும் விற்ற 'ஜெட்டான்' என்னும் கணக்கு வில்லை. "விங்க்" என்பது அதைச் செய்த ஹான்ஸ் கிரவ்விங்கலின் பெயரில் எஞ்சிய பகுதி.

ஆறாம் படி: குறிப்பெழுதி வைப்பது

காகித உறையில் பெயர், உலோகம், எடை, விட்டம், கிடைத்த நாள், ஆழம், ஜிபிஎஸ் புள்ளி ஆகியவற்றை எழுதி, நாணயத்தை அதனுள் இடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் உலோகத்தை அரிக்கும். பெயர் தெரியாவிட்டாலும் மற்றவற்றை எழுதிவிட்டு, பெயருக்குரிய வரியை மட்டும் வெறுமையாக விடுங்கள். என் கணக்கு வில்லையின் உறையில் அடித்துவிட்ட பிரெஞ்சு அரசர் பெயர்கள் இரண்டு இன்னமும் இருக்கின்றன.