எருமை, யானை மாதிரி ஆபத்தான மிருக வேட்டைக்கு எந்த கேலிபர் எடுக்கறது? புதுசா வர்றவங்களுக்கு படிப்படியா

திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கமிருந்து போர்வெல் ரிக் லாரியோட ஆப்பிரிக்கா போன பசங்க நம்மூர்ல நெறைய பேர் இருக்காங்க. அங்க சட்டப்படி லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போற ஆளுங்களோட பழக்கமாகி, "ஏனுங்ணா, எருமைக்கு .458 எடுத்துட்டா போதுமுங்களா"ன்னு கேக்கறாங்க. எருமைன்னா இங்க ஆப்பிரிக்காவோட காட்டு எருமைங்க, நம்ம வீட்டு எருமை இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போடறதுக்கு ஒட்டுக்கா எழுதிடலாம்னுதான் இது.

படி 1: எங்க நின்னு கேக்கறீங்கன்னு பாருங்க

நம்ம நாட்டுல இந்தப் பேச்சுக்கே எடமில்லீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல யானை, காட்டுமாடு, புலி, சிறுத்தை எல்லாமே முதல் அட்டவணை. மேட்டுப்பாளையத்துலயோ தாளவாடிலயோ யானை வந்து வாழைத்தோப்பை அழிச்சாலும் ஃபாரஸ்ட் ஆபீஸுக்குத்தான் போன் போடோணும். சின்னத்தம்பிங்கற காட்டு யானையை 2019-ல கும்கிய வெச்சு மயக்க ஊசி போட்டுத்தான் புடிச்சாங்க, அதுதான் நம்மூர் வழி, அதுதான் சரியான வழியும். பயிர் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களும் இதைப் படிச்சுட்டு காட்டுக்குள்ள போயிடாதீங்க, கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

ஆப்பிரிக்காலயும் எல்லா நாடும் ஒண்ணு கெடையாது. கென்யால 1977-லயே வேட்டையை நிறுத்திட்டாங்க. தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கால அனுமதி உண்டு, ஆனா லைசென்ஸ், கோட்டா, கூட வர்ற தொழில்முறை வேட்டைக்காரர்னு எல்லாம் முறைப்படி இருக்கோணும்.

படி 2: சட்டம் சொல்ற அடிமட்ட அளவு

கேலிபர்ங்கறது குண்டோட விட்டம், அவ்வளவுதான். .375-ன்னா 0.375 இஞ்ச், சுமார் 9.5 மி.மீ. பல ஆப்பிரிக்க நாட்டுல எருமை, யானைக்கு .375-க்குக் கீழ எடுக்கவே கூடாது. ஜிம்பாப்வேல கொஞ்சம் வேற மாதிரி, குண்டு 9.2 மி.மீ.க்கு குறையக்கூடாது, எனர்ஜியும் 5.3 கிலோஜூலுக்கு குறையக்கூடாதுன்னு ரெண்டையும் சேத்து வெச்சிருக்காங்க.

இதைக் கேட்டதும் ஒரு ஆள் கண்டிப்பா "கரமோஜோ பெல் 7 மி.மீ. ரைஃபிள்லயே நூத்துக்கணக்குல யானை சுட்டாரே"ம்பார். பெல்ங்கறவர் அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர், சுட்டாருங்க, உண்மைதான். ஆனா அந்த மனுசன் யானை மண்டைய அறுத்துப் பாத்து மூளை எங்க இருக்கு, எந்தப் பக்கமிருந்து பாத்தா எங்க வரும்னு படிச்சவரு, நாள் முழுக்க காட்டுலயே கெடந்தவரு. அவர் கணக்கை எடுத்து மொத தடவை போற ஆளுக்குப் போடவே கூடாது.

படி 3: கேலிபரை விட்டுட்டு குண்டைப் பாருங்க

இந்தப் படியத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு இதுதான் முக்கியம். ரிக்ல வேலை செய்யறவங்களுக்குச் சொன்னா டக்குனு புரியும்: கம்ப்ரசர் எவ்வளவு பெருசா இருந்தாலும் அடியில பாறையைக் குடையற பிட் தேஞ்சு போயிருந்தா பாறைல எறங்குமா? அதே கதைதான் இங்கயும்.

குண்டுல ரெண்டு வகை. சாஃப்ட்ங்கறது உள்ள போனதும் முனை விரிஞ்சு பெரிய காயம் உண்டாக்கும். சாலிட்ங்கறது விரியவே விரியாது, எலும்பை ஒடச்சுட்டு நேரா ஆழமாப் போகும். யானைக்கு சாலிட்தான், ஏன்னா அதோட மண்டை எலும்பு உள்ளுக்குள்ள காத்து அறை அறையா, நல்ல தடிமனா இருக்கும், மூளை ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், விரியற குண்டு பாதிலயே நின்னுரும். எருமைக்கு மொத ரவுண்டு (தோட்டா) நல்ல சாஃப்ட், பின்னாடி மேகசின்ல சாலிட்டுன்னு போடறது ரொம்ப காலமா இருக்கற பழக்கம். அதுக்குக் காரணம் இருக்குங்க, எருமை கூட்டமா நிக்கும், மொத குண்டே சாலிட்டா இருந்தா ஒண்ணைத் துளைச்சுட்டு வெளிய போயி பின்னாடி நிக்கறதையும் காயப்படுத்திரும், அப்பறம் புதருக்குள்ள காயம்பட்ட எருமை ரெண்டு. மொத குண்டு பட்டு அது திரும்பி ஓடறப்ப பின்னாலிருந்து சுட வேண்டி வந்தா, அப்ப ஆழமாப் போற சாலிட் வேணும்.

சாஃப்டுலயும் சாதாரண மான் குண்டு ஆகாது, அது எருமை தோள்பட்டை எலும்புல பட்டுச் செதறிரும். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், உட்லீ வெல்ட்கோர் மாதிரி செதறாம ஒண்ணா நிக்கற குண்டா பாத்து எடுக்கோணும். .375-ல 300 கிரெய்ன், .416-ல 400 கிரெய்ன், .458-ல 500 கிரெய்ன், இதுதான் வழக்கமான எடை (கிரெய்ன்ங்கறது குண்டை எடை போடற அளவு). விட்டத்துக்கு ஏத்த நீளமும் எடையும் இருந்தாத்தான் குண்டு உள்ள நேரா எறங்கும், அதனால வேகத்துக்கு ஆசைப்பட்டு லேசான குண்டுக்குப் போகாதீங்க.

படி 4: கேலிபர்களைப் பத்தி தெரிஞ்சுக்க வேண்டியது

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், 1912-ல வந்தது. 300 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,530 அடி வேகத்துல போகும், சுமார் 5,800 ஜூல். மான்ல இருந்து யானை வரைக்கும் ஒரே ரைஃபிள்ல முடிச்சுக்கலாம், ரவுண்டும் பெரும்பாலும் எல்லா ஊர்லயும் கெடைக்கும்.

.416 ரிக்பி, 1911. 400 கிரெய்ன், சுமார் 2,400 அடி. இதோட கேஸ், அதாவது மருந்து அடைச்சிருக்கற பித்தளைக் கூடு, ரொம்பப் பெருசு, அது வீணா வெச்சதில்லீங்க. அந்தக் காலத்து கார்டைட் வெடிமருந்து வெயில்ல சூடானா அழுத்தம் ஏறும், ஏறினா சுட்ட கேஸ், ரவுண்டு உக்கார்ற சேம்பர்ல ஒட்டிட்டு வெளிய வராது, எருமை வந்துட்டிருக்கறப்ப அப்படி ஆச்சுன்னா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. கேஸைப் பெருசாக்கி அழுத்தத்தைக் கொறைச்சதே அதுக்குத்தான். 1988-ல வந்த .416 ரெமிங்டன் அதே வேலைய சின்ன கேஸ்ல, கூடுதல் அழுத்தத்துல செய்யுது.

.458 வின்செஸ்டர் மேக்னம், 1956. சாதாரண நீள ஆக்ஷன்ல (ரவுண்டை உள்ள தள்ளி வெளிய எடுக்கற பகுதி) அடங்கோணும்னு கேஸைக் குட்டையாக்கினாங்க, மருந்தை அமுக்கித் திணிக்க வேண்டியதாச்சு, அதனால ஆரம்ப காலத்து ரவுண்டுகள்ல வேகம் தாறுமாறா கொறஞ்சு பேர் கெட்டுப் போச்சு. இப்ப மருந்து மாறி சரியாயிருச்சு. மொசாம்பிக்ல எருமைகிட்ட அடிவாங்குன ஜாக் லாட்ங்கறவரு அந்தக் குறைய சரி பண்ணத்தான் நீளமான .458 லாட்டைக் கொண்டு வந்தாரு. லாட் ரைஃபிள்ல .458 வின்செஸ்டர் ரவுண்டும் போட்டுச் சுடலாம், பழகறதுக்கு அது ஒரு நல்ல வசதி.

.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரெட்டைக்குழல் ரைஃபிளுக்கானது, 500 கிரெய்ன், 2,150 அடி. இது பரவினதுல நம்ம நாட்டுக்கும் பங்கு இருக்குங்க. கிளர்ச்சி பண்றவங்க கையில மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி இருந்துச்சு, அதுவும் .450, அதுக்கு குண்டு போயிரக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் 1907 வாக்குல இந்தியாக்குள்ள .450 வரக்கூடாதுன்னு தடை போட்டான். துப்பாக்கிக் கம்பெனிகள்லாம் .465, .470, .475-ன்னு தள்ளிப் போனது அதனாலதான்.

படி 5: உங்க தோள் என்ன சொல்லுது

சட்டம் அடிமட்டத்தை வெச்சிருச்சு, மேல்மட்டத்தை உங்க தோள்தான் வெக்கோணும். சாதாரண மான் வேட்டை ரைஃபிளான .30-06 ஒதைக்கறதுல சுமார் ரெட்டிப்பு .375, மூணு பங்குக்குப் பக்கமா .416. ஒதைக்குப் பயந்தா ட்ரிக்கர் இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மூடும், தோள் முன்னால தள்ளும், குண்டு கீழ எறங்கிரும். எருமை வயித்துல பட்ட .500-ஐ விட நெஞ்சுல பட்ட .375 நூறு மடங்கு மேல்.

சோதிக்கறதுக்கு ஒரு வழி: கூட இருக்கறவரை விட்டு மேகசின்ல நடுவுல டம்மி ரவுண்டைக் கலந்து போடச் சொல்லுங்க, எது டம்மின்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. "க்ளிக்"னு சத்தம் வர்றப்ப குழல் முனை கீழ குத்துச்சுன்னா அந்த கேலிபர் உங்களுக்கு இன்னும் ஆகலைன்னு அர்த்தம். பெஞ்சுல உக்காந்து பெரிய ரைஃபிள் சுடாதீங்க, நின்னே சுடுங்க, ஒடம்பு பின்னால போயி ஒதைய வாங்கிக்கும். ஸ்கோப்பை கண்ணுக்கு ஒட்டி வெச்சா அதோட விளிம்பு புருவத்தைக் கிழிச்சுரும், நாலு இஞ்ச்சாவது தள்ளி இருக்கோணும். ஒதைய கொறைக்க குழல் முனையில மஸில் பிரேக் மாட்டலாம்தான், ஆனா சத்தத்துல பக்கத்துல நிக்கற டிராக்கர் (தடம் பாக்கறவர்) காது போயிரும், எனக்கு அது துளியும் புடிக்காது.

படி 6: முடிவு பண்ணுங்க

மொத தடவை போறவங்களுக்கு என் பதில் .375 தான், மாத்திச் சொல்லவே மாட்டேன். அதை நல்லா சுட்டுப் பழகி, எருமைக்குன்னே போறேன்னா .416. யானைக்கு மட்டும், அதுவும் நெருக்கத்துல, நல்ல அனுபவத்தோடன்னா .458 லாட், .470-ன்னு யோசிக்கலாம். போல்ட் ஆக்ஷன் (கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த ரவுண்டு ஏத்தற வகை) எடுத்தா மவுசர் மாதிரி ரவுண்டோட அடிவிளிம்பைப் புடிச்சே உள்ள தள்ற வகையா எடுங்க, பதட்டத்துல பாதி போல்ட் அடிச்சாலும் ரெண்டு ரவுண்டு மாட்டிக்காது. ஸ்கோப் 1-லிருந்து 4 மடங்கு வரைக்கும் போதும்.

எருமை நெஞ்சு நீங்க நெனைக்கறதை விட கீழ, முன்னால இருக்கு. பக்கவாட்டுல நிக்கறப்ப முன்னங்கால் நேருக்கு, ஒடம்பு ஒசரத்துல கீழிருந்து மூணுல ஒரு பங்கு, அங்க வையுங்க. நம்மாளுங்க நடு வயித்துக்கு நேரா வெப்பாங்க, அங்கதான் வம்பே ஆரம்பிக்குது. சுட்டதும் நின்னு பாத்துட்டிருக்காதீங்க, அது கீழ விழுகற வரைக்கும் அடுத்த ரவுண்டு போயிட்டே இருக்கோணும்.

சொந்தமா ரைஃபிள் வாங்கித்தான் ஆகோணும்னு இல்லீங்க, நெறைய சஃபாரி ஏற்பாட்டாளர்கள் வாடகைக்குக் குடுக்கறாங்க, பெரும்பாலும் .375 தான் வெச்சிருப்பாங்க. புக் பண்றதுக்கு முன்னாடியே என்ன குண்டு, எத்தனை கிரெய்ன், சாலிட் இருக்குதான்னு கேட்டு வாங்குங்க. கேம்ப்புக்குப் போன அன்னைக்கே குச்சி ஸ்டாண்டுல வெச்சு 50 மீட்டர்ல சாஃப்ட் மூணு, சாலிட் மூணு சுட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே எடத்துல விழுகலைன்னா, எங்க விழுகுதுன்னு தெரிஞ்சுக்காம காட்டுக்குள்ள கால் வெக்காதீங்க.