உப்புக்காற்றில் இறுகிய தமிழ்த் தட்டச்சுப் பொறியை மீண்டும் இயக்கும் முறை

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள வீடுகளில், உறுதி எழுதிய நொத்தாரிசுமாரோ மனு எழுதிக் கொடுத்தவர்களோ பாவித்த தமிழ்த் தட்டச்சுப் பொறி இன்னும் அலுமாரிக்கு மேல் கிடக்கக்கூடும். அத்தகைய ஒன்று கைக்கு வந்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேட வேண்டாம். துருவை விட, அன்போடு ஊற்றிய தேங்காய் எண்ணெய் பிசினாகி அதிகக் கேடு செய்யும்.

முதலில் பொறியின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்கரான கிறிஸ்தோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை பெற்று, 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறி பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. ஒரே விசையில் இரண்டு வடிவம் தரும் மாற்றுவிசை 1878இல் வந்தது. பின்னர் வந்த பொறிகளிலும் ஏறத்தாழத் தொண்ணூறு வடிவங்களுக்கே இடமிருக்க, தமிழுக்கோ 247 எழுத்துகள் வேண்டியிருந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் தமிழ்ப் பொறியில், எழுத்துகள் உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. புள்ளி, தாளைத் தாங்கி நகரும் பகுதியான வண்டியை நகர்த்தாத விசையில் அமர்ந்தது.

எனவே சோதனையைப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். தாளைச் செருகிப் புள்ளியை அடித்தால் வண்டி அசையக் கூடாது. அடுத்துக் ககரத்தை அடித்தால் எழுத்து புள்ளியின் கீழே விழுந்து, வண்டி ஒரு படி நகர வேண்டும். புள்ளிக்கே வண்டி நகர்ந்தால், அந்த விசை, வண்டியை நகரச் செய்யும் நகர்வுச் சட்டத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். எந்த எழுத்துக்கும் நகராவிட்டால், வண்டியைச் சுருள்வில்லோடு இணைக்கும் இழுநாடா அறுந்திருக்கக்கூடும். அதற்கு மீன்பிடிக்கடையில் கிடைக்கும் உறுதியான தங்கூசி நூல் போதும், ஆனால் கட்டும்போது சுருள்வில்லின் உருளையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடி நழுவினால் வில் முழுவதும் அவிழ்ந்துவிடும்.

எழுத்துக் கம்பிகள் மெதுவாகத் திரும்பினால், அவை பொருந்தியுள்ள பிளவுகளில் வெள்ளை ஸ்பிரிட்டைத் தூரிகையால் தடவி, விசைகளைப் பலமுறை அடித்துப் பழைய பிசினைக் கரைத்து வெளியேற்றுங்கள். அங்கே எண்ணெய் இடவே கூடாது. தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளி, வண்டி ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும் போதும். எழுத்தச்சுகளின் குழிகளில் அடைந்த மையைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். ரப்பர் உருளை கல்லாய் இறுகியிருந்தால் தாளின் பின்னே இன்னொரு தாள் வைத்து அடிப்பது எளிய வழி. பழைய ரிப்பன் சுருளை எறியாமல், புது ரிப்பனை அதிலேயே சுற்றிக்கொள்ளலாம்.

மாரிகாலத்தில் பொறியைப் பொலித்தீனால் மூடுவது பெருந்தவறு. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித்துணி உறையிட்டு, சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

கணினியில் பாமினி விசைப்பலகையில் பழகிய கை, ககரத்தை அடித்த பின்பே புள்ளியைத் தேடும். பொறியிலோ அதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். புள்ளி வெற்றிடத்தின் மேல் விழும். அதைப் பழுதென்று எண்ணித் திருகாணிகளைக் கழற்றாமல், ஒருநாள் முழுவதும் புள்ளியை முதலில் அடித்துப் பழகுங்கள்.